எய்த மீனுக்கு ஓர் அடுப்பு: இல்லினாய் ஆற்றோரம் நான்கு நாட்கள்

வியாழன் இரவு, பியோரியா

மாலை ஐந்து மணிக்குச் சிகாகோ பக்கத்து நேப்பர்வில்லை விட்டுக் கிளம்பி, ஏழரை மணிக்கு அண்ணன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். கூடப் பிறந்தவர் இல்லை, புதுக்கோட்டைக்காரர். பியோரியாவில் இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் பல வருடமாக வேலை பார்க்கிறார். வழி நெடுகச் சோளக்காடு, முழங்கால் உயரத்துக்கு. ஜூன் மாதம் என்பதால் ஏழரைக்கும் வெயில் இருந்தது.

வந்த காரியம், வில்லால் மீன் பிடிக்கக் கற்றுக்கொள்வது. இங்கே போஃபிஷிங் என்பார்கள். அம்பின் வாலில் கயிறு கட்டி, தண்ணீருக்குள் தெரியும் மீனை எய்து, கயிற்றை இழுத்துக் கரை சேர்ப்பது. இந்த ஆசை எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். போன கோடையில் இந்த மாநிலத்துப் படகுத்துறை ஒன்றில் குப்பைத் தொட்டியைத் திறந்தேன். உள்ளே முழுக்க மீன். ஒவ்வொன்றும் மூன்று கிலோ, நான்கு கிலோ. உடம்பில் அம்பு துளைத்த ஓட்டை. முந்தின இரவு யாரோ விளையாட்டாக எய்து, எண்ணிப் பார்த்து, கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த நாற்றம் என் மூக்கிலிருந்து பல நாள் போகவில்லை.

நான் சிங்கம்புணரிப் பக்கத்துக்காரன். கோடையில் கண்மாயில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றியதும் எங்கள் பக்கம் மீன்பிடித் திருவிழா நடக்கும். கரையில் ஊத்தாவும் வலையுமாகச் சனம் காத்து நிற்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினதும் எல்லோரும் ஒன்றாக இறங்குவார்கள். விரால், கெளுத்தி, கெண்டை, எது அகப்பட்டாலும் வீட்டுக்குத்தான். அன்றைக்குப் பிடித்ததை விற்பது வழக்கமில்லை. ஊர் முழுக்க ஒரே குழம்பு வாசம். சேற்றோடு வீட்டுக்குள் நுழையும்போது அம்மா மீனைப் பார்க்கும் முன்பே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சினை இருக்கா?"

அந்தக் குப்பைத் தொட்டிக் கதையை அண்ணனிடம் சொன்னபோது, அவரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னார். நாற்பது வருடமாக வில்லும் படகுமாக ஆற்றில் திரிகிறவர். எய்ததில் ஒன்றைக்கூட வீசியதில்லையாம். இன்று மாலை அவர் வீட்டுப் புல்தரையில்தான் முதல் பாடம்.

வில்லைக் கையில் தருவதற்கு முன் ஒரு நிபந்தனை போட்டார். படகில் இரண்டு ஐஸ்பெட்டி இருக்கும், கிளம்பும்போதே பாதிக்கு ஐஸ் நிரப்பியிருக்கும். மீன் மூடியைத் தொட்டதும் வில் கீழே இறங்க வேண்டும், இரவு பத்து மணியானாலும் சரி. தூண்டிலில் மாட்டிய மீன் வேண்டாமென்றால் விட்டுவிடலாம். அம்பு பட்ட மீனை விட முடியாது. "அதனால எய்யறதுக்கு முன்னாடியே அது எங்க போகப் போகுதுன்னு தெரிஞ்சிருக்கணும்" என்று அண்ணன் எனக்குத் தமிழில் சொன்னார்.

வில்லில் குறி பார்க்கும் கருவி எதுவும் இல்லை. இழுவிசை நாற்பது பவுண்டு. அம்பு கண்ணாடி இழையால் செய்த திடக் கம்பி, கையில் எடுத்தால் கனக்கிறது. பின்னால் இறகு கிடையாது. தண்ணீருக்குள் இறகு அம்பைத் திசைமாற்றிவிடும். முனையில் இரண்டு கொக்கி முட்கள். முனையை இரண்டு சுற்றுத் திருகினால் முட்கள் பின்பக்கம் மடங்கும், மீனைச் சிதைக்காமல் அம்பை உருவிவிடலாம். வில்லோடு சேர்த்துப் பொருத்திய பிளாஸ்டிக் புட்டிக்குள் கயிறு சுருண்டு கிடக்கிறது.

பெரியவர் அதிக நேரம் செலவிட்டது ஒரு சிறிய வளையத்தைப் பற்றிப் பேசத்தான். கயிற்றை அம்பின் வாலில் நேராகக் கட்டக் கூடாது. அம்பின் மேல் வழுக்கி ஓடும் ஒரு வளையத்தில் கட்ட வேண்டும். நாணை இழுக்கும்போது அந்த வளையம் வில்லுக்கு முன்பக்கம் இருக்கும், அதனால் கயிறு நாணில் சிக்காது. வளையம் இல்லாமல் கயிறு எங்காவது சிக்கிக்கொண்டால் பறந்த அம்பு அதே வேகத்தில் எய்தவர் முகத்துக்கே திரும்பி வரும். இப்படி உயிர் போனதும் உண்டு. வில்லெடுக்கும் ஒவ்வொரு முறையும் வளையத்தை விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நாளை இரவு அதை மறக்கமாட்டேன்.

பிறகு கால்நடைக்குத் தண்ணீர் வைக்கும் பெரிய தொட்டியில் மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டிலை மூழ்கவைத்து எய்யச் சொன்னார். முதல் ஒன்பது அம்பும் பாட்டிலுக்கு மேலே போயின. பள்ளியில் ஒளிவிலகல் படித்தோமே, நேர் மேலிருந்து பார்த்தால் நான்கடி ஆழம் மூன்றடியாகத் தெரியும் என்று. அதை விடைத்தாளில் எழுதி மதிப்பெண் வாங்கினவன் நான். கண் அதைக் கேட்க மறுக்கிறது. பாட்டில் இருக்கும் இடம் இதுதான் என்று அது அடித்துச் சொல்கிறது. பெரியவர் ஒரு கணக்குக் கொடுத்தார்: மீன் பத்தடி தூரத்தில் ஓரடி ஆழத்தில் இருந்தால் நான்கு அங்குலம் கீழே குறி வை. ஆழம் கூடினால் இன்னும் கீழே. பத்தாவது அம்பை வெறுந்தண்ணீரைப் பார்த்து எய்தேன். பாட்டிலில் பட்டது.

வெள்ளி, விடிந்தால் சனி

பியோரியாவிலிருந்து தென்மேற்கே அறுபது கிலோமீட்டர் சொச்சத்தில் ஹவானா. ஆற்றை ஒட்டிய சின்ன ஊர். இல்லினாய் மாநில இயற்கை ஆய்வு நிறுவனம் 1894இல் இங்கே தொடங்கிய ஆற்று ஆய்வு நிலையம் இன்றும் இயங்குகிறது. இந்த ஆற்று மீன்களைத் தலைமுறை தலைமுறையாக எண்ணிவருகிறார்கள். எந்த மீன் இந்த மண்ணுக்குரியது, எது வந்து சேர்ந்தது என்று பேச முடிகிறதென்றால் அந்த எண்ணிக்கையால்தான்.

வந்து சேர்ந்தவற்றுள் மூத்தது சாதாக் கெண்டை. 1877இல் அமெரிக்க அரசின் மீன்வள ஆணையம் ஐரோப்பாவிலிருந்து வரவழைத்து, மக்கள் குளத்தில் வளர்த்துச் சாப்பிடட்டும் என்று நாடெங்கும் அனுப்பிவைத்தது. நமக்கும் அது பழக்கமான மீன்தான். 1939இல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்து வந்தவை வெள்ளிக் கெண்டையும் பெருந்தலைக் கெண்டையும். 1970களில் ஆர்கன்சா மாநிலத்துப் பண்ணைக் குளங்களிலும் கழிவுநீர்க் குட்டைகளிலும் பாசியைத் தின்று சுத்தம் செய்ய விடப்பட்டவை. அங்கிருந்து தப்பி மிசிசிப்பிக்குள் புகுந்து, அதன் துணையாறான இல்லினாயில் ஏறிவிட்டன. மிச்சிகன் ஏரிக்குள் போய்விடக் கூடாதென்று, என் வீட்டுக்குப் பக்கத்து ரோமியோவில்லில் கால்வாய்த் தண்ணீருக்குள் மின்சாரத் தடுப்பு வைத்து 2002 முதல் காவல் காக்கிறார்கள். வெள்ளிக் கெண்டை நுண்ணுயிரை வடிகட்டித் தின்பதால் தூண்டிலில் புழுவைக் கண்டு வராது. வலை போட வேண்டும், அல்லது வில்.

இரவு ஒன்பதரைக்குப் படகை இறக்கினோம். தட்டையான அலுமினியப் படகு. முன்பக்கம் நின்று எய்ய ஒரு மேடை. மேடையைச் சுற்றித் தண்ணீரைப் பார்த்தபடி விளக்கு வரிசை. பின்னால் ஜெனரேட்டரின் இரைச்சல். பிரதான ஆறு கலங்கல், ஒன்றும் தெரியாது. அதனால் வெள்ளம் ஏறி நிற்கும் ஓரக் கால்வாய்களுக்குள், வில்லோ மரங்களுக்கிடையே மெல்ல ஊர்ந்தோம். விளக்கொளியில் தண்ணீர் தேநீர் நிறம். அதற்குள் மரவேர், ஆமை, திடீரென்று ஒரு வால். பார்க்கப் பார்க்கக் கண் பழகுகிறது. அசையும் நிழலில் எது மீன், எது வேர் என்று பிரியத் தொடங்குகிறது. அந்த ஒரு மணி நேரம் எனக்கு வில்லை எடுக்கவே தோன்றவில்லை.

அண்ணன் முதலில் ஒரு நீள்மூக்கு கார் (gar) மீனை எய்தார். உடம்பு ஓர் ஆள் கை நீளம், அதற்கு மேல் அலகு. செதில் எலும்புக் கவசம் போல. அம்பு சறுக்கிப் போகாமல் பாய்ந்ததே பெரிது என்றார் பெரியவர். பிறகு இருவருமாகச் சாதாக் கெண்டை ஆறு எடுத்தோம், அதில் என்னுடையது இரண்டு. ஒவ்வொன்று படகேறியதும் பெரியவர் செவுளை அறுத்து ஒரு வாளித் தண்ணீரில் ரத்தத்தை வடியவிட்டுப் பிறகே ஐஸில் புதைத்தார். ஆற்று மீன் சேறு நாறுகிறது என்பவர்கள் பாதிப் பேர் இந்த ஐந்து நிமிடத்தைச் செய்யாதவர்கள்.

பதினொன்றரை இருக்கும். மரத்தடியில் அகன்ற முதுகு, பொன்னிறச் செதில். கெண்டைதான் என்று முடிவு செய்துவிட்டேன். கீழே குறி வைத்தேன், பட்டது. இழுக்க இழுக்க வராமல் படகையே கொஞ்சம் திருப்பியது. மேலே ஏற்றினபோது ஒன்பது கிலோவுக்குக் குறையாது.

பெரியவர் மண்டியிட்டு அதன் வாயை விரலால் திறந்து பார்த்தார். சாதாக் கெண்டைக்கு வாயோரம் இரண்டு ஜோடி மீசை இருக்கும். இதற்கு இல்லை. பிக்மவுத் பஃபலோ. பெயரில்தான் எருமை, இந்த ஆற்றின் சொந்த மீன், பனியுகங்களைத் தாண்டி வந்த குலம். எய்வதற்குச் சட்டத்தில் தடையில்லை. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு, இருட்டில் சொன்னார்: 2019இல் வெளிவந்த ஆய்வொன்றில் இந்த மீனின் காதுக்கல்லை நுணுக்கமாக அறுத்து, மரத்து வளையம் எண்ணுவது போல எண்ணினார்கள், ஒன்றுக்கு வயது 112. உருவத்தை வைத்து வயது சொல்ல முடியாது. பல இடங்களில் புதுக் குஞ்சுகள் பிழைத்துப் பெரிதாவதே அபூர்வம். அங்கே மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் கிழங்கள். அதைப் படித்த நாளிலிருந்து மீசையைப் பார்க்காமல் தாம் நாணை இழுப்பதில்லை என்றார்.

நான் எய்தது முப்பது வயதா, எண்பது வயதா, எனக்குத் தெரியாது. என் பாட்டி பிறந்த வருடம் பிறந்ததாகக்கூட இருக்கலாம். பெட்டியில் இன்னும் இடம் இருந்தது. நான் வில்லை எடுக்கவில்லை, அவர்களும் எடுக்கவில்லை. இப்போது மணி மூன்று. எழுதி முடித்துவிட்டுத்தான் படுக்க வேண்டும் என்றிருந்தது.

சனி இரவு

மதியம் ஒரு மணி நேரம்தான் ஆற்றில் இருந்தோம், ஆனால் பார்த்ததை மறக்க முடியாது. ஹவானாவுக்குத் தெற்கே பாத் என்ற கிராமம். 2005 முதல் வெள்ளிக் கெண்டையைக் கைவலையால் பிடிக்கும் போட்டி நடக்கிற ஊர் அது. இயந்திரப் படகின் அதிர்வு கேட்டதும் வெள்ளிக் கெண்டைகள் மிரண்டு தண்ணீரை விட்டு எகிறுகின்றன. பத்தடி உயரம். ஒன்றிரண்டல்ல, படகின் பின்னால் வெள்ளி மழை. அண்ணன் தலைக்கவசம் மாட்டியிருந்தார்; மூன்று கிலோ மீன் முகத்தில் அடித்தால் தாடை உடையும். பறக்கும் மீனுக்கு ஒளிவிலகல் கிடையாது, குறி நேர்க்குறி, ஆனால் எண்ணிப் பார்க்க அரை நொடிகூட இல்லை. இருபது அம்புக்கு மேல் விட்டு மூவருமாக எடுத்தது நான்கு. இரண்டு தாமாகவே படகுக்குள் விழுந்தன. ஆறு. பெட்டி மூடியைத் தொட்டுவிட்டது. நேற்றையதோடு மொத்தம் பதினான்கு.

இந்த மீனை உயிரோடு எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றம், அதனால் துறையிலேயே எல்லாவற்றையும் கொன்று ஐஸில் வைத்துவிட்டோம். பிறகு பெரியவர் வீட்டுக் கொல்லை. அண்ணியும் வந்துவிட்டார், அரிவாள்மனையோடு.

கார் மீனைக் கத்தி தொடாது. தகரம் வெட்டும் கத்தரியை வால் பக்கம் நுழைத்து, முதுகு நெடுக வெட்டி, கவசத்தை இரண்டு பக்கமும் பிளந்து உரித்தார் பெரியவர். உள்ளே முதுகுத்தண்டின் இருபுறமும் இரண்டு நீளச் சதை, வெள்ளையாக, முள்ளில்லாமல். வயிற்றைக் கீறினால் கொத்தாகச் சினை! அண்ணி முகம் மலர்ந்து கை நீட்டினார். பெரியவர் அவர் மணிக்கட்டையே பிடித்துவிட்டார்.

"நோ, நோ! பாய்ஸன்!"

கார் மீனின் சினை மனிதருக்கு நஞ்சு. கோழிக்கும் நாய்க்கும்கூடப் போடக் கூடாது. சதை நல்ல சதை, சினை மட்டும் இப்படி. சினை என்றால் முதலில் தட்டில் வைக்கிற வழக்கத்தில் வளர்ந்த நம் ஆட்களுக்கு இது கட்டாயம் தெரிய வேண்டும். ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். கெண்டைச் சினைக்கு அந்தப் பயம் இல்லை. அண்ணி இரண்டு கிண்ணம் சேர்த்துவிட்டார்.

வெள்ளிக் கெண்டையை இந்த ஊர்க்காரர்கள் வாங்காததற்குக் காரணம் முள். சதைக்குள் கவட்டை போலப் பிளந்த முட்கள் வரிசையாக ஓடுகின்றன. ஆசியக் கெண்டை என்ற பெயரே விற்பனைக்குத் தடை என்று நினைத்து, மாநில அரசு 2022இல் ‘கோப்பி’ என்று புதுப்பெயர் சூட்டியது. பெயர் மாறினாலும் முள் அதேதான். ஆனால் கெண்டைக் குழம்பு தின்று வளர்ந்தவர்களுக்கு முள் ஒரு தடையா? அண்ணி ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "நம்ம கண்மாய்க் கெண்டைய விட இதுல சதை ஜாஸ்தி தம்பி" என்றார். பாசி தின்கிற மீன். வாடையே இல்லாத வெள்ளைச் சதை. நடுவில் ஓடும் கருஞ்சதையை மட்டும் சீவி எறிந்துவிட வேண்டும், கசப்பு அதில்தான்.

பெரியவரின் வழி: தோலை விட்டுவைத்து, சதையை அரிசி அகல இடைவெளியில் குறுக்கே கீறிக்கொண்டே போவது. கொதிக்கும் எண்ணெய் கீறலுக்குள் இறங்கி முள்ளை மொறுமொறுப்பாக்கிவிடும். அண்ணி அதே கீறலுக்குள் மிளகாய்த்தூள், மஞ்சள், பூண்டு, எலுமிச்சைச் சாறு தடவி ஊறவைத்தார். பெரியவர் சோளமாவில் புரட்டினார். இரண்டையும் ஒரே சட்டியில் பொரித்தோம். முள் நாக்கில் படவே இல்லை.

இரண்டு மீனை ஆவியில் வேகவைத்து, ஆறவைத்து, முள்ளை விரலால் தடவி எடுத்து, சுறாவுக்குச் செய்வது போலப் புட்டு. சின்ன வெங்காயம் இங்கே கிடைக்கவில்லை, பெரிய வெங்காயம்தான். நிறைய இஞ்சி, பச்சைமிளகாய், சோம்பு, மிளகு, கறிவேப்பிலை. பெரியவர் முதல் வாய் வைத்துவிட்டு, எப்படிச் செய்வது என்று காகிதம் எடுத்து எழுதிக்கொண்டார். நாற்பது வருடமாக இந்த ஆற்று மீனைச் சமைக்கிற மனிதர்.

தலைகளை அவர் உரக்குழிக்கு ஒதுக்கினதைப் பார்த்து அண்ணி, "அண்ணே, தலையைத் தூக்கிப் போட்டுடாதீங்க" என்று தமிழிலேயே சொல்லி, மூன்றை எடுத்துக்கொண்டார். அண்ணே என்று அழைத்தது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும், சிரித்தார்.

பஃபலோவைக் கடைசியாக நானே வெட்டினேன். விலாவை முள்ளோடு பட்டை பட்டையாக நறுக்கிப் பொரிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். கொழுப்பேறிய, இனிப்பான சதை. இந்த மூன்று நாளில் தின்றதில் இதுதான் ருசி. அதைச் சொல்லவும் எனக்கு என்னவோ போல இருக்கிறது. வயதான மீனில் மாசு சேர்ந்திருக்கும் என்பதால் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை. பெரிய சாதாக் கெண்டைக்கும் அதே எச்சரிக்கை: அடிச்சேற்றில் மேயும் மீன், பிசிபி போன்ற ரசாயனம் கொழுப்பில் தங்கும். எந்த ஆற்றில் எந்த மீனை எவ்வளவு சாப்பிடலாம் என்று மாநில அரசு பட்டியல் வெளியிடுகிறது. எய்யப் போகிறவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

ஞாயிறு, திரும்பும் நாள்

காலையில் நான்கு கெண்டையின் சதை கண்ணாடிப் புட்டிகளுக்குள் போனது. உப்பு மட்டும் போட்டு, அழுத்தக் கலத்தில் அரை லிட்டர்ப் புட்டிக்கு 100 நிமிடம். முள் மத்தி மீன் டப்பாவில் இருப்பது போலக் குழைந்துவிடும். நேரத்தைக் குறைத்தால் கெட்டுப்போய் உயிருக்கே ஆபத்து என்பதால் பெரியவர் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. ஒரு வருடம் அலமாரியில் இருக்குமாம்.

மிச்சத் தலை, குடல், செதில், எலும்பு எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய வாளி. பித்தப்பைகளை நேற்றே கவனமாகத் தனியே எடுத்துவிட்டோம். கெண்டையின் பித்தம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், மருந்தென்று நினைத்து விழுங்கக் கூடாது. பெரியவர் தக்காளிச் செடிகளுக்கிடையே ஓரடிக்குக் கீழே புதைக்கிறார். அதற்கு மேலே புதைத்தால் இரவில் ரக்கூன் தோண்டிவிடும். நான் என் பங்குக்கு அண்ணி வைத்திருந்த வெல்லம் முழுவதையும் வாங்கி, கழிவுக்குச் சம எடை போட்டு, மூடி போட்ட வாளியில் மீன் அமிலத்துக்கு வைத்துக் கொடுத்தேன். ஊரில் சித்தப்பா இதைத்தான் கத்தரிக்குத் தெளிக்கிறார். ஒரு மாதம் நிழலில் இருக்க வேண்டும், நாற்றம் போய்ப் பழ வாசனை வரும். பிறகு வடிகட்டி, பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி. பெரியவர் வாளி மேல் இன்றைய தேதியைப் பேனாவால் எழுதினார்.

விடைபெறும்போது மீசை இல்லாத அந்த மீனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. செப்டம்பரில் வா என்றார். வந்தால் பகலில் வெள்ளிக் கெண்டைக்கு மட்டும்தான் எய்வேன் என்றேன். தலையை ஆட்டினார்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். ஐஸ்பெட்டியைத் திறந்து மனைவி பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா அழைத்தாள். அங்கே விடிகாலை.

"எத்தனை மீனுப்பா?"

"பதினாலும்மா. மூணு பேரும் சேர்ந்து."

"அவ்வளவுதானா? பெரிய ஆறுன்னு சொன்ன?"

"பெட்டி அவ்வளவுதாம்மா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அடுப்பில் பால் வைத்திருப்பாள்.

"சினை இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. ரெண்டு வகை" என்று சொல்லி, அண்ணியின் மணிக்கட்டிலிருந்து கதையைத் தொடங்கினேன்.